கனடாக்காரர் சொன்ன "ஹோவா"

"ஹோவா."

இந்தச் சத்தம் வந்தபோது என் ஒர்க்‌ஷாப்பில் இரும்பு தேய்க்கும் ஆறு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிடம் ஒன்றுகூட ஓடவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாக நின்றது.

கனடாக்காரர் வெர்னன் தரையில் மண்டி போட்டிருந்தார். அவருக்கு முன்னால் ஸ்டாண்டில் சாய்த்துப் பூட்டிய ஆறு இஞ்ச் குழாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணைக் குழாயின் வாயில் வைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். இரண்டு குழாய்த் துண்டுகளை என் வெல்டர் மரியதாஸ் பற்றவைத்து ஒன்றாக்கியிருந்தார். உள்பக்கம் விழுகிற முதல் தையலை நாங்கள் ரூட் என்போம். வெளியே எவ்வளவு அழகாகப் போட்டாலும் ரூட் கெட்டால் எல்லாம் கெட்டது. அதைத்தான் பார்த்தார்.

பார்த்துவிட்டு இன்னொரு முறை சொன்னார், இன்னும் மெதுவாக. "ஹோ... வா."

மரியதாஸ் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நல்லதா கெட்டதா என்று கேட்கிற பார்வை. வெள்ளைக்காரன் முகம், அரபி முகம், பட்டாணியன் முகம், எதைக் காட்டினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிடுவேன் நான். அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு சத்தத்தில் மரியதாஸின் அடுத்த இரண்டு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது.

டிராயரில் இருந்த பேப்பர்

கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலை ஒன்றுக்குக் குழாய் செய்து தரும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையில் எத்தனையோ பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது அது என்னைத் தேடி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் அனுப்புகிற இன்ஸ்பெக்டர் முன்னால் டெஸ்ட் கொடுத்துத் தேறிய வெல்டர்தான் குழாயில் கை வைக்கலாம்.

மரியதாஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மூத்த மகள் குவைத்தில் நர்ஸ். இளையவளும் அதே படிப்பில்தான் இருந்தாள், முடிக்க இன்னும் இரண்டு வருஷம். முதல் டெஸ்டில் மரியதாஸ் தோற்றுவிட்டார். கண் முன்போல் இல்லை. இது இரண்டாவது, கடைசி. தோற்றால் கொடுக்க என்னிடம் வேறு வேலை இல்லை. விசா கேன்சல், டிக்கெட், ஊர்.

மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கேன்சல் பேப்பரை ஆபீஸில் தயார் செய்யச் சொன்னதே நான்தான். என் மேஜை டிராயரில் கையெழுத்துக்குக் கிடந்தது. முதலாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் யார் என்று கேட்டவருக்கு

போன வாரம் பஹ்ரைன் குதைபியாவிலிருந்து இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் இப்படி எழுத முடியுமா, யாரோ எழுதித் தருகிறார்களா என்று. ஐயா, சொல்வது நான். டைப் அடிப்பது என் ஆபீஸ் செல்வி. ஒற்றெழுத்து அவள் பொறுப்பு, உயிர் என் பொறுப்பு.

எனக்கு ஏழு மொழி தெரியும். தமிழைத் தவிர எதிலும் என் பெயரைக்கூட எழுத வராது. ஒரு சங்கதி படித்தவர்களுக்குத் தெரியாது. ஊர் விட்டு ஊர் வந்தவன் முதலில் கற்றுக்கொள்வது தண்ணீருக்கும் சோற்றுக்கும் என்ன வார்த்தை என்பதை இல்லை. இரும்பு விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் என்ன சத்தம் போடுவான் என்பதைத்தான். அது தெரியாதவன் கால் விரலோடு ஊருக்குப் போக மாட்டான்.

எனக்குப் பத்து விரலும் இருக்கிறது.

அந்த வகையில் சத்தங்களில் நான் பட்டம் வாங்கியவன். ஒருவன் "யல்லா" என்றால் கிளம்பு என்கிறானா, தொலைந்து போ என்கிறானா, பாவம் களைத்துப்போய்ச் சொல்கிறானா, மூன்றும் தெரியும். "கலாஸ்" என்பதில் முடிந்த வேலையும் உண்டு, முடிந்த உறவும் உண்டு. வங்காளி "ஆரே" என்று இழுத்தால் எங்கோ பைப் ஒழுகுகிறது.

ஓமான் சலாலாவில் இளவயதில் தண்ணீர்த் தொட்டி கட்டும்போது மலைக்காரக் கிழவர் ஒருவர் ஒட்டகம் ஓட்டிக்கொண்டு வருவார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுப்பார். எங்களைத் திட்டுகிறார் என்று ஒரு மாதம் நினைத்தேன். மழைமூட்டம் இறங்கிய நாளில் வானத்தைப் பார்த்து அதே சத்தத்தைக் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. அரபு பேசும் ஓமானிகளைக் கேட்டேன். அது எங்கள் மொழி இல்லை, மலையின் பழைய மொழி, எங்களுக்கே புரியாது என்றார்கள். அன்றைக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு அப்படி ஆனது வெர்னனிடம்தான்.

தவறான வாசல்

அவர் வந்த முதல் நாளே கூத்து. கனடாவிலிருந்து இன்ஸ்பெக்டர் என்றதும் செக்கச்செவேல் என்று ஒருவரை எதிர்பார்த்து, பேரீச்சம்பழம், கஹ்வா காப்பி எல்லாம் வைத்துக்கொண்டு ஏசி அறையில் காத்திருந்தேன். எட்டு மணிக்கு வர வேண்டியவர் ஒன்பதரை ஆகியும் வரவில்லை.

அவர் எட்டுக்கே வந்துவிட்டார். பழுப்பு நிறம், அகன்ற முகம், முதுகில் ஒற்றைப் பின்னல். வாட்ச்மேன் அவரை நேபாளி என்று நினைத்து, "பாய், லேபர் கேட் உதர்" என்று பின்வாசலுக்கு அனுப்பிவிட்டான். இந்த ஊரில் முகத்தைப் பார்த்து வாசல் சொல்வது வழக்கம். மனிதர் வாயைத் திறக்கவில்லை. பின்வாசலில் வரிசையில் நின்றார். எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பால் இல்லாத சுலைமானி டீ குடித்தார். யாரோ கொடுத்த பரோட்டாவைத் தின்றார். ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தார்.

விஷயம் தெரிந்து நான் ஓடினேன். வாட்ச்மேனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுவதை வெர்னன் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எங்க நாட்டுல எங்களையும் இந்தியன்னுதான் கூப்பிடுவாங்க. கப்பல்ல வழி தப்பி வந்தவன் வச்ச பேரு. இன்னைக்குத்தான் சரியான எடத்துக்கு வந்து சேந்திருக்கேன்."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கோபமா, குத்தலா, ஒன்றும் பிடிபடவில்லை. அவர் எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "ஏஏய்" என்று இழுத்தார். கண் இரண்டும் கோடாகிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் ஜனத்தில் கேலி செய்தால் கடைசியில் இப்படி ஒரு "ஏஏய்" போடுவார்களாம். சொன்னதை மனதில் வைக்காதே, உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் சீண்டினேன் என்பதெல்லாம் அந்த ஒரு இழுப்பில் அடக்கம். நாம் பத்து முறை "சும்மா சொன்னேன்பா" என்று சமாதானம் செய்வதை ஒரு மூச்சில் முடித்துவிடுகிறார்கள். கேலி செய்யாமல் மரியாதையாகப் பேசினால்தான் அங்கே பயப்பட வேண்டுமாம்.

டீ நேரத்துப் பள்ளிக்கூடம்

அவர் ஓஜிப்வே என்ற பழங்குடி இனம். மறுகரை தெரியாத ஒரு பெரிய ஏரிக்கரையில் ஊர். குளிர்காலத்தில் ஏரிமேல் வண்டி ஓட்டலாம் என்றார். எங்கள் ஆட்கள் அதை நம்பவில்லை, "ஏஏய்" வருமென்று காத்திருந்தார்கள். வரவில்லை.

பத்து மணி டீக்கு அவர் ஒருநாளும் ஏசி அறைக்கு வரவில்லை. ஆட்களோடுதான் உட்காருவார். ஒரு வாரத்தில் என் ஒர்க்‌ஷாப்பின் வாய் மாறிப்போனது. "யல்லா" போய் "அம்பே" வந்தது, வா கிளம்பலாம் என்று அர்த்தம். டீ கொடுத்தால் "மீக்வெச்", அது நன்றி. அவர் எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டார். உதட்டைக் குவித்து அந்தத் திசையில் நீட்டுவார். கை இரண்டிலும் சாமான் பிடித்திருக்கும் வெல்டர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் ஸ்பேனர் எங்கே என்று கேட்டால் ஐந்தாறு உதடு ஒரே பக்கம் நீண்டது.

அதிர்ச்சியானால் பெண்கள் "நியா" என்பார்களாம். மரியதாஸ் அழகாகச் சொல்லிப் பழகி, சுத்தியல் விழுந்தபோது "நியா" என்று கத்தினார். வெர்னன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார். ஆண்கள் "தயா" என்று சொல்ல வேண்டுமாம். அதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்காட்டினார். எங்கள் எலக்ட்ரீசியன் தயா தூரத்திலிருந்து, "என்ன சார்?" என்று வந்து நின்றான்.

அவர் மனைவி பக்கத்து இனம், க்ரீ. அவர்களிடம் ஆச்சரியத்துக்கு "வாஹ்வா". அது எங்களிடம் திருடியது என்பார் இவர். அந்த அம்மா போனில் இருந்தால் "ஏஏய்" சேர்த்துக்கொள்வார். இளவட்டங்கள் எது பிரமாதமாக இருந்தாலும் உயிரை எடுக்கிறது என்கிற அர்த்தத்தில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போடுவார்களாம். "நம்ம பசங்களும் மரண மாஸ்னுதானே சொல்றானுவ" என்றார் மரியதாஸ். பூமிக்கு அந்தப்பக்கம் பனியில் இருக்கும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சந்தோஷத்துக்குச் சாவைத்தான் கூப்பிடுகிறார்கள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது?

உங்கள் மொழி முழுக்கப் பேசுவீர்களா என்று ஒருநாள் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் அப்பாவைச் சின்ன வயதில் வீட்டிலிருந்து பிரித்து ஒரு விடுதிப் பள்ளியில் போட்டார்களாம். அங்கே தன் மொழியில் ஒரு வார்த்தை பேசினால் அடி. அப்பா பெரியவரானதும், பிள்ளைகளாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசினார்.

"அப்ப உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அப்பா சுத்தியல்ல கைய நசுக்கிக்குவாரு. பெரிய மீன் மாட்டும். அப்ப வந்துடும். அத அவராலயே நிறுத்த முடியல."

அவ்வளவுதான் சொன்னார். நான் அன்று முழுக்க வேலை பார்க்கவில்லை. ஒரு மொழியையே அடித்து உள்ளே தள்ளியவர்களால், வாயிலிருந்து தானாக நழுவி விழுகிற இந்த நாலு சத்தத்தைப் பிடிக்க முடியவில்லை. மகன் அதைப் பொறுக்கிச் சேர்த்து, விமானமேறி, ஷார்ஜாவில் என் ஆட்களுக்கு டீயோடு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

என் பேத்தி இங்கேயே பிறந்தவள். அன்று சாயங்காலம் கதவில் கால் இடித்துக்கொண்டாள். "அவுச்" என்றாள். அவளை யாரும் அடிக்கவில்லை.

கழற்றிய கையுறை

குழாய்க்கு வருகிறேன். மண்டியிட்டிருந்த வெர்னன் எழுந்தார். முட்டியில் இருந்த தூசியைத் தட்டினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"சார், பிராப்ளமா?" என்றேன்.

"இவரு இனிமே இங்க வேல செய்யக்கூடாது" என்றார், ரொம்ப நிதானமாக.

மரியதாஸுக்கு ஆங்கிலம் பாதிதான் தெரியும். அந்தப் பாதியில் இது இருந்தது. வளைகுடாவில் இருக்கும் எவனுக்கும் எந்த மொழியில் சொன்னாலும் முதலில் புரிகிற வாக்கியம் இதுதான். அவர் கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். முகமூடியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இவரால மத்தவங்க வேலையெல்லாம் கேவலமா தெரியுது" என்று முடித்தார் வெர்னன். "ஏஏய்."

யாரும் சிரிக்கவில்லை. மரியதாஸ் அதற்குள் தண்ணீர் டிரம் பக்கம் நடந்துவிட்டிருந்தார்.

வெர்னன் கையுறையைப் பார்த்தார், பிறகு எங்களை. என்னய்யா என்று கேட்டார். நான் சொன்னேன். இங்கே எதை வைத்து வேண்டுமானாலும் கேலி செய்யலாம், விசா கொடுக்கிற கபீலை வைத்துக்கூடச் செய்யலாம், ஊருக்கு அனுப்புவதை வைத்து மட்டும் யாரும் செய்வதில்லை. இந்த வேலையை நம்பியே ஒவ்வொருவன் வீட்டிலும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர் முகம் கறுத்தது. ஓடிப்போய் மரியதாஸின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். கிரைண்டர்காரன், ஹெல்பர், வாட்ச்மேன் எல்லாரையும் உதட்டால் கூப்பிட்டு வரிசையாகக் குழாய்க்குள் பார்க்க வைத்தார்.

நானும் மண்டியிட்டுப் பார்த்தேன். காசை அடுக்கிச் சாய்த்த மாதிரி சுற்றிவர ஒரே சீர். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஹோவான்னா நல்லதா கெட்டதா சார்?" என்றேன்.

"ரெண்டுக்கும் அதான். நெஞ்சு நிக்கிற மாதிரி எதப் பாத்தாலும் வரும்." பிறகு கேட்டார், "இவரு எத்தன வருசமா உங்ககிட்ட இருக்காரு?"

இருபதுக்கு மேலே என்றேன்.

"இந்த மாதிரி ஒண்ணப் போட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

வாயைத் திறந்தேன். நான் சொல்வது "ம், அடுத்தது". அவ்வளவுதான். அது என் தொழில் முறை. நல்ல வெல்டரைப் புகழ்ந்தால் அடுத்த ஒர்க்‌ஷாப்காரன் காதில் விழும், ஆள் கைமாறிவிடும். இந்தத் தொழில்பேட்டையில் என்னைப் போல மேலே வந்தவர்கள் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

இந்தத் தொடரின் ஆரம்பத்தில் ஒன்று எழுதியிருந்தேன். நான் பற்றவைத்த ஒரு துண்டைக் காட்டித்தான் முதல் ஆர்டர் வாங்கினேன் என்று. செல்வி, இதை வெட்டாமல் டைப் செய். அந்தத் துண்டு மரியதாஸ் போட்டது. கேம்பில் ஒரே ரூமில் இருந்தோம். மேல்கட்டில் அவர், கீழ்க்கட்டில் நான். சைட்டில் அவர் வெல்டர், சிலிண்டர் சுமந்த ஹெல்பர் நான். அப்போதெல்லாம் அவர் என்னை மக்கா என்பார். வாசலில் என் பெயர் போட்ட போர்டு ஏறிய நாளிலிருந்து மொதலாளி.

சிவப்புத் துணி

கண்ணால் பார்த்தது போதாது, எக்ஸ்ரே எடுத்து உள்ளே குமிழ் இல்லை என்று காட்ட வேண்டும். குழாயை லேபுக்கு அனுப்பினோம். படம் வர இரண்டு நாள்.

மறுநாள் காலை வெர்னன் வந்தபோது கையில் சின்னச் சிவப்புத் துணி முடிச்சு. மரியதாஸ் முன்னால் நின்று நீட்டினார். உள்ளே புகையிலை. என் ஒர்க்‌ஷாப்பில் புகையிலை பிடிபட்டால் சம்பளம் வெட்டு, சுவரில் நாலு மொழியில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

புகைக்க இல்லையாம். அவர்கள் ஜனத்தில் ஒருவரிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் முதலில் புகையிலையைக் கையில் வைக்க வேண்டும், வெறுங்கையோடு கேட்கக்கூடாது. அவர் கேட்க வந்தது மன்னிப்பு. ஐம்பத்தெட்டு வருஷத்தில் பீடியைத் தொடாத மரியதாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பையில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "மீக்வெச்" என்றார். வெர்னன் சிரித்தார். அவருக்குச் சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

மூன்றாம் நாள் காலை படம் வந்தது. வெர்னன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். மரியதாஸ் கொஞ்சம் தள்ளி, பையில் கை வைத்தபடி.

வெர்னன் படத்தை என்னிடம் நீட்டினார். பிறகு உதட்டைக் குவித்து மரியதாஸ் பக்கம் காட்டினார். நீ சொல் என்று.

எனக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியும், இங்கிலீஷ் எழுத்துத்தான் வராது. சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லை. எல்லார் முன்னாலும் "ஹோவா" என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் பழகி வைத்திருந்தேன்.

"ஆத்தாடி" என்றேன்.

அது நான் சொன்னதில்லை. தானாக வந்தது. சிவகங்கைச் சீமையை விட்டு வந்து நாற்பது வருஷத்தில் அந்தச் சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

மரியதாஸ் கிட்ட வந்தார். என் கையில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இத்தினி வருசமாச்சா மக்கா, இத ஒன் வாயிலருந்து புடுங்க?" என்றார். குரலில் சிரிப்பே இல்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வைத்துவிட்டு, கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, முகமூடியை இறக்குவதற்கு முன்னால் சொன்னார்.

"ஏஏய்."

வெர்னன் "அம்பே" என்று கை தட்டினார். ஆறு கிரைண்டரும் ஒன்றாகக் கிளம்பின. நான் ஆபீஸுக்குப் போய் டிராயரில் கிடந்த பேப்பரை நாலாகக் கிழித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மரியதாஸ் அடுத்த குழாயில் பற்றவைக்க ஆரம்பித்திருந்தார்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் தண்ணீர் கொட்டும். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட ஆட்களிடம் அதைத்தான் சொன்னேன்.